மின்விசிறி சுவிட்சில் ஒட்டிய பிளாஸ்திரி

கள்ளக்குறிச்சியில் நான் வேலை பார்த்த சிறிய ஆய்வகத்தில், மின்விசிறி சுவிட்சின் மேல் ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருக்கும். காயத்துக்குப் போடுகிற சாதாரணப் பிளாஸ்திரிதான். ஒட்டியவர், எங்களோடு வேலை பார்த்த அக்கா. எங்களுக்கெல்லாம் மூத்தவர், மூக்குக்கு மேல் கோபம் வரும், திருக்கோவிலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார்.

உளுந்தூர்பேட்டைப் பக்கம் ஒரு பெட்ரோல் பங்க்கின் தொட்டி கசிந்து, பக்கத்துக் கழனிக் கிணறு கெட்டுப்போயிருந்தது. மண்ணைத் தோண்டிச் சுத்தம் செய்த பிறகு, அந்தத் தண்ணீர் எங்களிடம் வந்தது. பெட்ரோலில் இருக்கிற பென்சீன் என்ற நச்சு வரம்புக்குள் இருந்தால் கிணறு தப்பும், மீறினால் மூடிவிடுவார்கள். கிணற்றுக்கார அம்மா கூடவே வந்து நின்றார். "இத விட்டா எங்களுக்கு வேற தண்ணி இல்லீங்க. கழனிய வித்துட்டுப் போவேண்டியதுதான்."

பென்சீனை அளக்கிற ஜிசி கருவியில் முதலில் அளவு தெரிந்த கரைசல்களை ஏற்றி ஒரு நேர்க்கோடு வாங்க வேண்டும். அதை வைத்துத்தான் கிணற்றுத் தண்ணீரைப் படிக்க முடியும். எங்கள் கோடோ மேலே போகப் போகத் தலை சாய்ந்தது. கிணற்றுத் தண்ணீர் விழுந்த இடமும் அந்தச் சாய்வில்தான். அப்படியே படித்தால் வரம்பு மீறியது. ஊசியை மாற்றினோம், கருவியைக் கழற்றித் துடைத்தோம், டிடெக்டர் திணறுகிறது என்று ஆளாளுக்குச் சொன்னோம். மேலாளருக்குப் பொறுமை போயிற்று. "சாஃப்ட்வேர்ல வளைவாவே போட்டுக்கலாமே, அழகா பொருந்துது!"

அக்கா எழுந்துவிட்டார். "ஏன் வளைஞ்சுதுன்னே தெரியாம வளைவு போட்டா, அந்தம்மா கெணத்த நாமளே மூடுற மாதிரிங்க."

குறைந்த அளவில் தொடங்கிக் கூடுதலுக்குப் போவது எங்கள் வழக்கம். அன்று அக்கா கூடுதலை முதலில் தயாரித்தார். கோடு எதிர்ப்பக்கம் வளைந்தது! கருவி கெட்டிருந்தால் வரிசையை மாற்றினாலும் அதே பக்கம்தான் வளையும். குற்றம் கருவியில் இல்லை, எல்லாக் கரைசலுக்கும் பென்சீன் எடுக்கிற தாய்க்குடுவையில். வேர்வையில் ஒவ்வொரு முறையும் மூடித் திறக்கச் சலித்துக்கொண்டு, விசிறிக்கு நேர் கீழே வாய் திறந்தபடி வைப்போம். பென்சீன் காற்றோடு போய்க்கொண்டே இருந்திருக்கிறது. கடைசியில் எடுத்த கரைசலில் சொன்ன அளவு இல்லை. அக்கா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "ஃபேன் காத்து வாங்கிக்கினு கெணத்த மூடப் பாத்தோமே, தம்பி!"

விசிறியை நிறுத்தி, குடுவையை மூடி ஐஸில் வைத்துச் செய்தோம். கோடு நிமிர்ந்தது, தண்ணீர் வரம்புக்குள் வந்தது. "மாட்டுக்காவது இந்தத் தண்ணி காட்டலாங்களா?" என்றார் அந்த அம்மா. "நீங்களே குடிக்கலாங்க," என்றார் அக்கா. அந்த அம்மா அழுதுவிட்டார். அன்று சாயங்காலம்தான் சுவிட்சில் பிளாஸ்திரி ஏறியது.

இப்போது சென்னையில் ஏசி ஆய்வகத்தில் இருக்கிறேன். இங்கே விசிறியே கிடையாது. போன மாதம் அக்கா இறந்த செய்தி வந்தது. உளுந்தூர்பேட்டையில் இறங்கி, திருக்கோவிலூருக்கு வேறு பஸ் பிடித்தேன். வழியில் அந்தப் பெட்ரோல் பங்க்கைத் தாண்டும்போது கிணற்று மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, வாய்க்கால் நிறையத் தண்ணீர். இதைச் சொல்ல அக்கா இல்லை.

கூடத்தில் திறந்த பெட்டியில் அக்காவைக் கிடத்தியிருந்தார்கள். நேர் மேலே விசிறி முழு வேகத்தில் சுற்றியது. என் கை தன்னால் போய் சுவிட்சை அணைத்தது.

"இன்னாப்பா, ஜனங்களுக்கு வேர்க்குதே," என்றார் அக்காவின் வீட்டுக்காரர்.

அக்காவைக் கொஞ்சம்கூடக் காற்றுக்குக் கொடுக்க மனசில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? மறுபடியும் போட்டேன்.