நீல டிரம்மில் போடாத ஒயின்

“ஒயின் போடக்கூட காலேஜ்ல சொல்லித் தராங்களா?” என்று மாமா எல்லோர் முன்னாலும் கேட்டார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அப்போது சிதம்பரத்தில் வேதியியல் படித்துக்கொண்டிருந்தேன்.

கடலூரில் எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸுக்குப் பன்னீர்த் திராட்சையோடு மலிவான புளிப்புத் திராட்சையையும் கலந்து ஒயின் போடுவோம். அந்த வருடம் கிறிஸ்துமஸ் முடிந்ததும் அக்கா கல்யாணம் என்பதால் ஜாடிகள் போதவில்லை. மாமா கெமிக்கல் கம்பெனிகள் இருக்கும் செம்மங்குப்பத்திலிருந்து கெமிக்கல் வந்த பழைய நீல டிரம் ஒன்றை வாங்கி வந்தார். அதில் ஒயின் போடக்கூடாது என்று நான் சொன்னதற்குத்தான் அப்படிக் கேட்டார்.

“நல்லா கழுவியாச்சி, பழத்தைக் கொட்டும்மா.”

நான் சுடுதண்ணீரை ஊற்றி மூடினேன். சிறிது நேரம் கழித்துத் திறந்தபோது பெயிண்ட் நாற்றம் மூக்கைத் துளைத்தது.

“நீங்களே மோந்து பாருங்க மாமா.”

மோந்தவர் இருமிக்கொண்டே, “கல்யாணத்துக்கு வந்தவங்கள ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பேன் போலருக்கே” என்றார்.

அக்கம்பக்கத்தில் பீங்கான் ஜாடிகளை இரவல் வாங்கினோம். ஒரு ஜாடி ஒயின் புளித்தது, இன்னொன்று தித்தித்தது. ருசி பார்த்து அளவாகக் கலந்தவள் நான்தான். கல்யாணத்தன்று மாமாவே இரண்டாவது டம்ளர் கேட்டு வாங்கினார்.

இப்போதெல்லாம் நாற்றமே இல்லாவிட்டாலும் கெமிக்கல் டிரம்மை நான் வீட்டில் சேர்ப்பதில்லை. எங்கள் தெருவில் அதில் குடிதண்ணீர் பிடித்துவைக்கும் வீடுகளுக்கெல்லாம் போய், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். துணைக்கு மாமாவையும் கூட்டிக்கொண்டு போனேன்.