ரிவர்ஸ் போடாமல் போய் வந்தது

வளைகாப்பு முடிந்ததும் அக்காவைக் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பிரசவத்துக்கு எங்கள் காரிலேயே அழைத்து வர வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். முதல் காரும் நான் வாங்கியதுதான், பழைய கார் என்றாலும். முந்தின நாள் சாயங்காலம் அம்மா அதைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டினாள். பிறகு ரிவர்ஸ் எடுத்தேன். கார் அலறியது.

பின்னால் ஆள் இல்லை, சுவர்கூட இல்லை. ஆனாலும் இடிக்கப் போகிறாய் என்று விடாமல் கீச்சிட்டது. கோளாறு கண்டுபிடிப்பதற்கென்று வாங்கி வைத்திருந்த சின்னக் கருவியை ஸ்டியரிங்குக்குக் கீழே செருகி, செல்போனில் பார்த்தேன். கோளாறு எதுவும் இல்லை என்று வந்தது. கத்துவதும் இந்தக் கார்தான், நன்றாக இருக்கிறேன் என்பதும் இந்தக் கார்தான். எதை நம்புவது?

செராமிக் கம்பெனியில் வேலை பார்க்கும் அப்பா, அங்கே ஜாடியைத் தட்டிப் பார்ப்பதுபோல் பம்பரைத் தட்டிக்கொண்டே வந்தார்.

“டங்குன்னு கேக்கணும்டா. இது எங்க தட்டினாலும் கீறல் வுட்ட மாதிரி டொக்குங்குது.”

“அது பிளாஸ்டிக்குப்பா.”

“பிளாஸ்டிக்கா? இதுக்கா கற்பூரம் காட்டுனா உங்கம்மா?”

அவர் விரலில் குங்குமம் ஒட்டியிருந்தது. குனிந்து பார்த்தேன். பம்பரில் வரிசையாக இருந்த சின்ன வட்டங்கள் ஒவ்வொன்றின் மேலும் கெட்டிச் சந்தனத்தில் அச்சடித்த மாதிரி பொட்டு.

“அம்மா, இது சென்சாரு. பின்னால ஏதாவது இருந்தா கண்டுபிடிக்கிறது. இது மேலயா வச்சே?”

“பொட்டு வைக்கத்தானே வட்டம் போட்டு வுட்டிருக்கான்?”

“தொடைச்சுப் பாத்துடலாம்.”

“நல்ல காரியத்துக்குப் போற வண்டி. பொட்ட அழிக்கிறானாம்! வாயக் கழுவுடா.”

பொட்டுதான் காரணமா, கழுவின தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டதா, துடைத்தால்தான் தெரியும். அவள் விடவில்லை. அந்த ஒப்பாரிச் சத்தம் மாசமாக இருக்கிறவள் காதில் விழக் கூடாது என்றும் சொல்லிவிட்டாள். ரிவர்ஸே போடாமல் போய் வருவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

போய்ச் சேர்ந்தோம். ஆனால் அக்கா வீட்டுத் தெருவில் நான் வழக்கமாக வண்டி திருப்பும் இடத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். கிளம்பும்போது, வண்டியைப் பின்னாலேயே மெயின் ரோடு வரை நகர்த்த நியூட்ரலில் வைத்து, அக்கா வீட்டுக்காரரை முன்னாலிருந்து தள்ளச் சொன்னேன்.

“என்ன மச்சான், ஸ்டார்ட் ஆவலியா?”

“ஆவுது மாமா.”

“பிரேக் புடிக்கலியா?”

“அதுவும் நல்லா இருக்குது.”

“எல்லாம் நல்லா இருந்தா எதுக்குய்யா தள்ளணும்?”

பொட்டு என்று வாயெடுத்தேன். அம்மா முறைத்தாள்.

அதற்குள் அக்காவின் மாமியார் வாசலுக்கு வந்துவிட்டார். “தள்ளு வண்டியிலயா எங்க மருமவள அனுப்பறது? வேணாம் சம்பந்தி, வேற காரு சொல்லுங்க.”

அம்மாவின் கண் கலங்கிவிட்டது. படித்தவன் நான் ஏதாவது சொல்லுவேன் என்று என்னையே பார்த்தாள்.

அக்கா வளையல் குலுங்கக் கிட்டே வந்தாள். “உண்மையச் சொல்லு. வழியில நின்னுடுமா?”

“தெரியலக்கா.”

“வரும்போது?”

“நல்லாத்தான் ஓடிச்சு.”

அக்கா பின்கதவைத் திறந்து மெல்ல ஏறி உட்கார்ந்து, புருஷனைப் பார்த்துச் சொன்னாள்: “பாத்துத் தள்ளுங்க.”

மெயின் ரோடு வரை மாமா தள்ளினார். “கோளாறே இல்லாத வண்டியாம்!” என்று சொல்லிக்கொண்டே அவருடைய அம்மாவும் கூடவே நடந்து வந்தார். நான் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தபடி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.