சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கியவள்

1968-இல், ஜெயசீலிக்குப் பன்னிரண்டு வயதானபோது, அவள் அம்மா ரத்தினபாய்க்குக் காசநோய் என்று தெரிந்தது. அம்மாவைத் தாம்பரம் சானடோரியம் காசநோய் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு குரோம்பேட்டை வீட்டுக்குத் திரும்பிய அப்பா லாசரஸ், மகளைக் கூப்பிட்டார்.

"யார் கேட்டாலும் அம்மா பாளையங்கோட்டை போயிருக்காங்கன்னு சொல்லிடு. உண்மை தெரிஞ்சா ஒருத்தரும் நம்ம படி ஏறமாட்டாங்க."

அவளும் அப்படியே சொன்னாள். ஆனால் ஒரு பொய்யோடு முடியவில்லை. "அம்மா எப்போடி வருவாங்க?" என்று சிநேகிதி சரசு ஓயாமல் கேட்டாள். பதிலுக்குப் பயந்தே ஜெயசீலி அவளிடமிருந்து விலகினாள். மத்தியானம் தனியாக உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறப்பாள், தொடாமல் மூடிவிடுவாள். சர்ச்சில் பாடுவதை நிறுத்தினாள். தூக்கம் போயிற்று, வகுப்பில் கண் சொருகியது. டீச்சர் அதைத் திமிர் என்றார். ஆபீஸிலிருந்து வரும் லாசரஸோ சோறு வடித்து, ஜெபம் பண்ணி, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார்.

பள்ளிக்கூடம் தாம்பரத்தில். ஒரு நாள் அதற்கு முந்தின ஸ்டேஷனான சானடோரியத்திலேயே ரயிலைவிட்டு இறங்கிவிட்டாள். ஆஸ்பத்திரிக்குள் பிள்ளைகளை விடமாட்டார்கள் என்று அப்பா சொல்லியிருந்தார். அதனால் பிளாட்பார பெஞ்சில், பையை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளி விடும் நேரம்வரை உட்கார்ந்திருந்தாள். மறுநாளும் அங்கேதான். மழையிலும்கூட.

அரைநாள் லீவு போட்டு மனைவியைப் பார்க்க வந்த லாசரஸ் அவளைக் கண்டுவிட்டார். கோபமாகத்தான் வந்தார். அப்பாவைப் பார்த்தும் அவள் பயப்படவில்லை. அதுதான் அவரை உலுக்கியது.

"ஸ்கூலுக்குப் போகலையாம்மா?"

"எதுக்குப்பா போகணும்?"

"உடம்பு சரியில்லையா?"

"எதுவுமே பிடிக்கலப்பா. அழுகைகூட வரமாட்டேங்குது. காலையில எந்திரிக்காமலே போயிட்டா நல்லாயிருக்கும்னு தோணுது."

அவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். ரயில்கள் வந்து போயின.

"எனக்கும் பயமாத்தான் இருக்கும்மா," என்றார் கடைசியில். "உன்னை மட்டும் பொய் சொல்ல வச்சிட்டு நான் பேசாம இருந்துட்டேன்."

அன்று டாக்டரிடம் கெஞ்சி அனுமதி வாங்கினார். தூரத்து வராந்தாவில் அம்மா வந்து நின்று கையை உயர்த்தினாள். ஜெயசீலி கையசைக்கவில்லை, இமைக்காமல் பார்த்தாள். வீட்டுக்குப் போகும் ரயிலில்தான் அழுகை வந்தது. லாசரஸ் அவளை அழவிட்டார்.

அடுத்த ஞாயிறு சர்ச்சில் எழுந்து நின்று, மனைவி எங்கே இருக்கிறாள் என்று எல்லாரிடமும் சொன்னார். சிலர் பெஞ்ச் மாறி உட்கார்ந்தார்கள். சரசுவை அவள் வீட்டில் ஜெயசீலியோடு சேர விடவில்லை. ஆனாலும் வகுப்பில் சரசு ஒரு நாள் நகர்ந்து இடம்விட்டு, "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?" என்றாள்.

அந்த வருஷம் ஜெயசீலி பெயிலானாள். அம்மா உடம்பு தேறித் திரும்பி வந்தாள். ஆனால் ஜெயசீலியின் மனசில் இருந்த பாரம் முழுசாக இறங்கவில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலைக்குப் போன பிறகும் சில மாதங்கள் அப்படி வரும். யாரோடும் பேசப் பிடிக்காது. அப்போதெல்லாம், "அப்பா, மறுபடி வந்திருச்சு," என்பாள். லாசரஸ் எதுவும் கேட்காமல் சட்டையை மாட்டிக்கொள்வார். இருவரும் பல்லாவரம்வரை நடந்துவிட்டு வருவார்கள்.