ஒரு ‘நீ’ செய்த வேலை

என் பெரியக்காவுக்கு நாலு பிள்ளைகள். மூத்தவன் மரக்கடை வைத்தான். அடுத்தவள் என் மச்சினன் வீட்டுக்கே மருமகளாகப் போனாள். மூன்றாவது பிறந்து ஆறு மாதத்தில் போய்விட்டது. நாலாவது ஆளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். பேருந்து நிலையத்தில் அறிவிப்பு சொல்கிற வேலை அவனுக்கு. எந்த வண்டி எந்த மேடைக்கு வருகிறது என்று கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து நாள் முழுக்கச் சொல்வான். அதனால் சொந்தத்தில் மேடைக்காரன் என்றே பெயர் விழுந்துவிட்டது.

அவனுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. வேற்று மொழிப் படங்களுக்குத் தமிழில் குரல் கொடுப்பான். பறக்கிறவர்களும் மலையைத் தூக்குகிறவர்களும் வருகிற படங்கள். அதில் பாறைத்தோள் என்று ஒரு வீரன். ஏழு வருஷமாக அந்த ஆளுக்குத் தமிழ்த் தொண்டை இவன்தான். திரையில் இவன் பெயர் வராது. ஆனாலும் பேருந்துக்கு நிற்கிற சின்னப்பிள்ளைகள் அந்தக் குரலை அடையாளம் கண்டு ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்து வாயைப் பிளப்பார்களாம். அதை மட்டும் வீட்டில் வந்து சொல்வான். அந்தக் குரலும் போனால் அவனுக்குக் கூண்டுதான் மிச்சம்.

எனக்குக் கண்ணில் புரை எடுத்த சமயம் இரண்டு மாதம் அவன் வீட்டில் இருந்தேன். மனைவியை முன்னமே இழந்தவன். அவனும் ஒரே மகளும்தான். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் அளவு பார்க்கிறவள். அந்தப் படங்கள் என்றால் உயிர். போனில் ஒரு ரசிகர் கூட்டம் வைத்திருந்தாள், அதில் ஆயிரக்கணக்கான பேர். அதுவரை ஒருவர் இருவராக வந்த வீரர்கள் எல்லாரும் ஒன்று சேருகிற படம் அடுத்த மாதம் வருவதாக இருந்தது. அது வருவதற்குள் பழைய ஒன்பது படத்தையும் வரிசையாகப் பார்த்து முடிக்க வேண்டும் என்று அவளும் மூன்று சிநேகிதிகளும் ஞாயிறு தவறாமல் கூடத்தில் பாயைப் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். எனக்குக் கண்ணில் கட்டு. காதால்தான் ஒன்பதையும் பார்த்தேன்.

அந்த நேரத்தில் மேடைக்காரன் வீட்டில் தங்க மாட்டான். துவைத்த துணியையே மறுபடி பிழிந்துகொண்டு மாடிக்குப் போய்விடுவான். புதுப் படத்துக்குக் கொஞ்சம் குரல் கொடுத்தாயிற்று, மிச்சம் பாக்கி, இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். மகளுக்கு அது தெரியும். தெரிந்துகொண்டே நோட்டம் விடுவாள். அப்பா சோற்றைப் பிசைகிறபோது ஒவ்வொரு வீரன் பேராகச் சொல்லி, எந்தப் பேருக்கு அவர் கை நிற்கிறது என்று பார்ப்பாளாம். அவன் கண்டுபிடித்துவிட்டான். அதற்கப்புறம் கரண்டியால் சாப்பிட ஆரம்பித்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டிரெய்லர் வந்தது. ஒன்றரை நிமிஷம் ஒரே இடி, கண்ணாடி உடைகிற சத்தம். நடுவில் பாறைத்தோள் குரல்: “நீ வந்துதான் ஆகணும்.”

யாரைப் பார்த்துச் சொல்கிறான் என்று கேட்டேன். கடலரசியைப் பார்த்து என்றார்கள். கடலரசி அந்தப் படை முழுவதற்கும் தலைவி. எனக்குச் சுருக்கென்றது. அதுவரை எல்லாப் படத்திலும் அவளை மரியாதையாகத்தானே பேசினான்? வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

“ஏம்மா, இத்தனை நாளும் அந்தம்மாவை ‘வாங்க, போங்க’ன்னு சொன்னவன் இப்ப நீங்கறானே. நடுவுல கல்யாணம் ஏதாவது ஆச்சா?”

நாலு பேரும் டிரெய்லரைப் பதினைந்து தடவை போட்டார்கள். பழைய படங்களை மறுபடி எடுத்து, அவன் அவளிடம் பேசுகிற இடங்களை மட்டும் ஓட்டிக் கேட்டார்கள். இரண்டு பேரும் சேர்ந்து வருகிற ஐந்து படம், நாற்பத்தொரு இடம், எல்லாம் ‘நீங்க’. செத்துப் பிழைக்கிற இடத்தில்கூட “நகருங்க” என்றுதான் கத்துகிறான்.

அன்று சாயங்காலமே கூடம் இரண்டு கட்சியானது. சிநேகிதிகள் மூன்று பேரும் இது காதல் என்றார்கள். மகள் ஒத்துக்கொள்ளவில்லை. “காதல்னா குரல் தணியும். இதுல மரியாதையே தெரியாத ஆள் பேசறான். இது பாறைத்தோள் இல்லை. அவன் வேஷத்துல வேற எவனோ,” என்றாள். நாற்பத்தொரு இடத்தையும் நேரத்தோடு எழுதி, ஆதாரத்தோடு கூட்டத்தில் போடப் போவதாகச் சொன்னாள். மற்ற மூன்று பேரும் அவளைத் துப்பறியும் அத்தை என்று ஓட்டினார்கள்.

மாடியில் இருந்தவனிடம் சுவரைத் தடவிப் படியேறிப் போய் நானே கேட்டேன். ஏன்டா மாப்பிள்ளை அப்படிப் பேசினே என்று. துணி பிழிகிற சத்தம் நின்றது. பிறகு மெதுவாகச் சொன்னான். குரல் கொடுக்கிற அறையில் படத்தைக் கறுப்படித்துக் காட்டுகிறார்களாம். பாறைத்தோளின் உதடு மட்டும் ஒரு வட்டத்துக்குள் அசையுமாம். எதிரில் யார், இடம் எது, ஒன்றும் தெரியாது. யாரிடம் பேசுகிறேன், நீயா நீங்களா என்று, தமிழில் வசனம் எழுதிப் பேச வைக்கிற வசனக்காரரைக் கேட்டிருக்கிறான். அதெல்லாம் கேட்கக் கூடாது, உதட்டுக்குச் சரியாக விழுகிறதைச் சொல்லுங்கள் என்றிருக்கிறார். ‘நீ’தான் விழுந்தது. அவ்வளவுதான் விஷயம்.

எனக்கு நிம்மதி. வெறும் தவறு, மகள் வீணாகக் கோட்டை கட்டுகிறாள், கட்டிவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், மகள் கடையில் இருக்க, இவன் சாப்பிட வீட்டுக்கு வந்திருந்தபோது, அந்த வசனக்காரரே போன் செய்தார். எடுத்த எடுப்பில், உங்க வீட்டில் ரசிகர் யாராவது உண்டா என்று கேட்டார். மகள் படம் பார்ப்பாள் என்று மட்டும் இவன் சொன்னான். டிரெய்லரில் வருவது போலிப் பாறைத்தோள் என்று இரண்டு பேர் எங்கேயோ எழுதியிருக்கிறார்களாம், அந்தப் பேச்சு உங்கள் ஊர்ப் பக்கமிருந்து கிளம்புகிறது என்றாராம். உங்கள் வீட்டிலிருந்து எழுத்தாக ஏதாவது வெளியே வந்தால் வியாழக்கிழமை மிச்சத்தைப் பேச வேறு ஆள் வருவார் என்று சொல்லி வைத்துவிட்டார்.

மேடைக்காரன் போனைக் கீழே வைக்கவே இல்லை. “மாமா, பொய்யா இருந்தா இவங்க சிரிச்சிருப்பாங்க. பயப்படறாங்க. அப்ப அது நிஜம்,” என்றான். கதை அவனுக்கே அப்போதுதான் தெரிந்தது. வாய்தவறி விழுந்த ஒரு ‘நீ’ போய் அந்தப் படத்தின் முடிச்சிலேயே குத்தியிருக்கிறது.

மகளிடம் ‘எழுதாதே’ என்று சொல்லலாமே என்றேன். முடியாது மாமா என்றான். எழுதாதே என்றால் அவள் கண்டுபிடித்தது சரி என்று அர்த்தம். கையெழுத்துப் போட்டதற்குத் துரோகம். சும்மா இருந்தால் அவள் எழுதிவிடுவாள். ஏழு வருஷத்துக் குரல் போய்விடும்.

அன்று வேலை முடிந்து வந்தவள் கைப்பையைக்கூடக் கழற்றவில்லை. நோட்டை அப்பா முன்னால் விரிக்கிற சத்தம் கேட்டது. “அப்பா, எழுதி முடிச்சிட்டேன். போடட்டுமா வேண்டாமா? கதையெல்லாம் சொல்ல வேண்டாம், இதை மட்டும் சொல்லுங்க,” என்றாள்.

நான் சமையலறை வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“போடு,” என்றான். “உன் இஷ்டம். தாராளமா போடு.”

சொன்னது அந்த வார்த்தைதான். ஆனால் குரல்? ஏழு இருபது வண்டி மூன்றாவது மேடைக்கு வருகிறது என்று சொல்கிற குரல் அது. ஏற்றம் இறக்கம் இல்லை, ஆளும் அதற்குள் இல்லை. அவள் பிறந்ததிலிருந்து எதற்கெடுத்தாலும் ‘வேண்டாம்’ என்றே தொடங்குகிற அப்பன் தாராளமாக என்கிறான். நாற்பத்தொரு இடத்தையும் காதாலே எடை போட்டவளுக்கு இதைப் பிடிக்கத் தெரியாதா? பக்கம் கிழிகிற சத்தம்தான் கேட்டது.

அன்றைக்கே கூட்டத்தில் ஒரே வரி போட்டாளாம்: யோசித்துப் பார்த்தேன், இது காதலேதான். சிநேகிதிகள் வந்து அரைமணி நேரம் வெற்றிச் சிரிப்பு சிரித்தார்கள். துப்பறியும் அத்தை துறவு வாங்கிவிட்டாள் என்றார்கள். அவளும் கூடச் சிரித்தாள், ரொம்ப சத்தமாக.

வியாழக்கிழமை காலையில் மிச்சத்தைப் பேச வரச் சொல்லிப் போன் வந்தது. மேடைக்காரன் கூண்டுக்கு விடுப்புச் சொல்லிவிட்டுச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனான்.

படம் வந்தது. வேஷக்காரன் முகம் உரிந்து விழுகிற இடத்தில் கொட்டகையே அலறியதாம். சிநேகிதிகள் அவளைத் திரும்பிப் பார்த்து, ஐயோ, முதலில் நீ சொன்னதுதானே, ஏன்டி மாத்தினே என்று திட்டினார்களாம். உங்க மூணு பேர் பேச்சைக் கேட்டுத்தான் கெட்டேன் என்று அவர்கள் தலையிலேயே போட்டுவிட்டாள்.

நீ ஏதாவது அவளுக்குச் சாடை காட்டினாயா என்று அப்புறம் அவனைக் கேட்டேன். “நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க மாமா. நான் போடுன்னுதானே சொன்னேன்,” என்றான். அது உண்மைதான். ஆனால் அதைச் சொன்ன குரலையும் நான் முழுசாக நம்பவில்லை.

பாறைத்தோளுக்கு இன்னும் இவன்தான் பேசுகிறான். ஒவ்வொரு தடவை கூப்பிடும்போதும் வசனக்காரர், பொண்ணு எப்படி இருக்கு என்றுதான் முதலில் கேட்கிறாராம். நல்லா இருக்கா என்று சொல்லி இவன் நிறுத்திக்கொள்கிறான். அவரும் அதற்கு மேல் கேட்பதில்லை. சந்தேகம் தீராதவர்போலப் போனை மட்டும் உடனே வைக்க மாட்டேன் என்கிறாராம்.