காகிதம் சுற்றிய டயர்

பழுப்புக் காகிதம் சுற்றிய டயரைப் பார்த்தாலே பல வருடம் எனக்கு முழங்கால் வலித்தது. அறுபதுகளில் எங்கள் பக்கம் புது டயர்கள் அப்படித்தான் வரும். நாலு விரல் அகலக் காகிதப் பட்டையை இடைவெளி விடாமல் சுற்றியிருப்பார்கள். அப்போது நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி. கம்பெனி மோட்டார் சைக்கிளில் சாம்பிள் பையைக் கட்டிக்கொண்டு தாராபுரம், பழனி, மதுரை என்று கடை கடையாக ஏறி ஆர்டர் எடுப்பேன். அதற்கு ‘லைன் போவது’ என்று பெயர். ஒரு நாள், பின் டயர் நூல் தெரியத் தேய்ந்துபோய்விட்டது என்று மேனேஜரிடம் போய் நின்றேன்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தையல் பிசகிய, ஓட்டை விழுந்த பனியன்களை எங்கள் ஊரில் ‘செகண்ட்ஸ்’ என்பார்கள். யோக்கியமான கம்பெனிகளில் அவற்றைத் தனியாகக் கட்டி மலிவாகத் தள்ளிவிடுவார்கள். எங்கள் மேனேஜர் ஓட்டையை அடைத்து, இஸ்திரி போட்டு, முதல் தரப் பெட்டியில் டஜனுக்கு இரண்டாக நுழைத்துவிடுவார். முதலாளிக்குத் தெரியாது, கடைக்காரர்களிடம் வசவு வாங்குவது நான். அந்த மனிதர் டயரிலும் கைவரிசையைக் காட்டுவார் என்று எனக்குத் தோன்றாமல் போனது என் முட்டாள்தனம். “காயிதம் பிரிக்காத டயரு கண்ணு. ஒண்ணும் பாக்க வேண்டாம், மாட்டிட்டுப் போ” என்றார். மாட்டிக்கொண்டு போனேன்.

குண்டடத்தைத் தாண்டியதும், பட்டப்பகலில், பின்சக்கரம் அப்படியே இறுகி நின்றது. தேய்ந்த டயரின் மேல் புதிதாக ஒட்டியிருந்த ரப்பர் பட்டி உரிந்து சக்கரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. ரீட்ரெட் டயர்; புது டயரின் காகிதத்தைச் சுற்றிக் கொடுத்திருக்கிறார். சாம்பிள் பனியன்கள் ரோடெல்லாம் வெள்ளை வெள்ளையாகக் கிடக்க, சோளக்காட்டிலிருந்து ஓடிவந்தவர்கள் என்னைத் தூக்கினார்கள். முழங்கால் சில்லு உடைந்திருந்தது. நான் ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள் வேறு டயர் மாட்டியாகிவிட்டது. உரிந்த பட்டியும் மாயம். “பையன் கண்ணு மண்ணு தெரியாம ஓட்டி வண்டியச் சாச்சுட்டானுங்க” என்று முதலாளியிடம் மேனேஜர் சொல்லிவைத்திருந்தார். முதலாளி அதை நம்பினார். வேலை போனது. வலது கால் அதன்பிறகு மடங்கவேயில்லை. அவரை நான் ஒரு நாளாவது மன்னித்திருப்பேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

ஆறேழு வருடம் கழித்து அவரே என்னிடம் வந்தார். பல்லடத்தில் மச்சானோடு சேர்ந்து நான் டயர் கடை வைத்திருந்தேன். சொந்தமாகப் பெரிய மோட்டார் சைக்கிள் வாங்கி, பாலக்காடு, திருச்சூர் லைனைத் தானே பிடித்துக்கொண்டு, மேனேஜர் பெரிய ஆளாகியிருந்தார். தீபாவளி ஆர்டருக்குக் கிளம்பியவருக்கு இரண்டு டயரும் மாற்ற வேண்டியிருந்தது. “அட, நீயா கண்ணு! நல்லாருக்கியா?” என்றார், என் காலைப் பார்க்காமல்.

முன்சக்கரத்துக்கு நீளக்கோடு போட்ட புது டயரும், பின்சக்கரத்துக்குக் கட்டம் கட்டமாய் வெட்டிய புது டயரும் எடுத்து வைத்தேன். துணியைத் தடவுகிற மாதிரி தடவினார், கட்டை விரலால் அழுத்தினார், முகர்ந்துகூடப் பார்த்தார். மூலையில் ரீட்ரெட் டயர்கள் கிடந்தன. என் கண் இரண்டு முறை அங்கே போய் வந்தது. மனசாட்சி தடுத்தது என்று சொன்னால் பொய். விழுந்தால் ஒரே நாளில் முடிந்துவிடும். எனக்கு அது போதாது. புது டயர்களையே மாட்டினேன்.

அவர் வண்டியை உதைத்துக் கிளப்பிய பிறகு பக்கத்தில் போய்ச் சொன்னேன்: “ரெண்டுல ஒண்ணு ரீட்ரெட்டுங்க. எதுன்னு மட்டும் கேக்காதீங்க.”

அவர் உடனே எஞ்சினை நிறுத்தினார்.

“வெளையாடாத கண்ணு.”

“நீங்க வெளையாடலாமுங்களா?”

“வேற போட்டுக் குடு.”

“போட்டுத் தர்றனுங்க. அதுவும் நான் குடுக்கறதுதானுங்களே?”

அவ்வளவு பெரிய வண்டியை, வெயிலில், திருப்பூர் ரோட்டில் அவர் தள்ளிக்கொண்டே போனதைக் கண் குளிரப் பார்த்தேன். இன்று நினைத்தாலும் இனிக்கிறது. பிறகு கேள்விப்பட்டேன்: இரண்டு மெக்கானிக்குகள் பார்த்துவிட்டு இரண்டுமே புதிது என்று சொல்லியிருக்கிறார்கள். நான் அவர்களைக் கைக்குள் போட்டுக்கொண்டதாக நினைத்து அவர் நம்பவில்லை. வேறு ஊரில் டயர் வாங்கித்தர ஒருவர் முன்வந்தபோது, அதிலும் என்ன ஒட்டியிருப்பார்களோ என்றாராம். பெட்டிக்குள் எதை வைப்பார்கள் என்று தெரிந்த மனிதர், எந்தப் பெட்டியை நம்புவார்? பஸ்ஸில் லைன் போனார். போய்ச் சேருவதற்குள் மற்ற கம்பெனிக்காரர்கள் ஆர்டர் எடுத்துவிட்டார்கள். அடுத்த வருடம் முதலாளி அந்த லைனை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்.

எழுபதுகளின் கடைசியில் அவர் மாரடைப்பில் இறந்தார். இழவுக்குப் போனேன். வாசலில் எல்லோரும் பாயில் உட்கார்ந்திருக்க, எனக்கு மட்டும் நாற்காலி போட்டார்கள். கொட்டகையில் அந்த வண்டி தூசி படிந்து நின்றது. அவருடைய மூத்த மகன் பக்கத்தில் வந்து நின்றான். அதே கம்பெனியில், அப்பாவுக்குப் பிறகு அவன்தான் மேனேஜர்.

“ஏனுங்க, அப்பா கடைசி வரைக்கும் கேட்டுட்டே இருந்தாருங்க. அதுல எதுங்க ரீட்ரெட்டு?”

செத்தவரிடம் இனி எனக்கென்ன பகை என்று உண்மையைச் சொன்னேன். “ரெண்டுமே புதுசுதான் கண்ணு.”

அவன் வண்டியின் டயர்களைத் திரும்பிப் பார்த்தான். பிறகு, “செரிங்க, சொல்ல வேண்டாமுங்க” என்று நகர்ந்துவிட்டான்.