திருக்கோகர்ணத்து நம்பர்

பிராட்பேண்ட் வந்த புதிதில் ஆனந்தராஜ் திருக்கோகர்ணத்தில் தொடங்கியதைக் கம்பெனி என்று சொன்னால் சிரிப்பு வரும். ஒரு மாடி அறை, இரண்டு கம்ப்யூட்டர், சொந்தக்காரர்கள் பெயரில் வாங்கிய டெலிபோன் லைன்கள். துபாயிலிருந்து இன்டர்நெட் வழியாக வரும் பேச்சை உள்ளூர் லைனுக்குத் தள்ளிவிட ஒரு பெட்டி. சட்டப்படி அது திருட்டுத்தனம். ஆனால் மலிவுதான் யாருக்குக் கசக்கும்? சுற்றுவட்டாரமே வாய் வலிக்கப் பேசியது. ஒரே வருஷத்தில் ஆனந்தராஜைத் தேடிப் பெண் வீட்டார் வர ஆரம்பித்தார்கள்.

அந்தப் பெட்டிக்கு ஒரு கிறுக்குக் குணம். பேச்சு பாதியில் கட்டானால் அதே நம்பரைத் தானாகவே நாள்கணக்கில் மறுபடி மறுபடி கூப்பிடும். எடுத்தால் பேச ஆள் இருக்காது.

இலுப்பூரில் திலகவதி என்ற பெண்ணின் மாமியார், வீட்டு போனுக்கு, கூப்பிடும் நம்பரைக் காட்டும் காலர் ஐடி வாங்கி வைத்தாள். வந்தது வினை. துபாயில் இருக்கும் மகன் பேசுவது வாரத்துக்கு ஒரு தரம். இங்கேயோ ஒரே உள்ளூர் நம்பர் தினமும் விழுந்தது. தான் அத்தனை முறை கூப்பிடவில்லை என்று அவனும் சொல்லிவிட்டான். அவன் பேசும்போதும் அதே நம்பர்தான் விழுகிறது என்று ஒரு மண்டைக்கும் உறைக்கவில்லை. மருமகள் மேல் பழி விழுந்தது. கொழுந்தன் உடையப்பன் நம்பரை விசாரித்துக்கொண்டு ஆட்களோடு மாடி ஏறினான்.

ராங் நம்பர் என்று சொல்லிச் சமாளிக்கும்படி கூட்டாளி ரகுநாத் காதைக் கடித்தான். சொன்னால் கம்பெனி பிழைக்கும், அந்தப் பெண்ணின் வாழ்க்கை போகும். ஆனந்தராஜ் ஒன்றும் பெரிய உத்தமன் இல்லை. ஆனாலும் அந்தப் பொய்க்கு அவனுக்கு நாக்கு எழவில்லை. உள்ளே கூட்டிப்போய்ப் பெட்டியைக் காட்டினான்.

“ஒங்க அண்ணன் பேசுறதே இதுக்குள்ள இருந்துதாங்க வருது. கட்டாச்சுன்னா இதுவே போன் போடும். அந்தப் பொண்ண நான் பாத்ததுகூட இல்ல.”

உடையப்பன் தலையாட்டினான், ஆனால் வாயை மூடவில்லை. விஷயம் ஊரெல்லாம் பரவி, டெலிபோன்காரர்கள் போலீஸோடு வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கேஸ் வருஷக்கணக்கில் இழுத்தது. பேசி வைத்திருந்த பெண் வீட்டார் பின்வாங்கினார்கள். கடைசியில் ஆனந்தராஜ் கீரனூர் பஸ் ஸ்டாண்டு அருகே செல்போன் பழுது பார்க்கும் கடை போட்டான். ஒருத்தியைக் காப்பாற்றினோம் என்பது மட்டும்தான் அவனுக்கு ஆறுதல்.

போன மாதம் கடைக்கு வந்த ஒரு பெண், தான் இலுப்பூர்த் திலகவதி என்றாள். நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்து அவசரமாக ஸ்டூலை இழுத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை. அந்த வருஷமே தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்றாள்.

“நீங்க சொன்னத எங்க வீட்டுக்காரரு நம்பலங்க. யாருன்னே தெரியாத ஒருத்திக்காக எவனாச்சும் தன் கம்பெனியையே விடுவானான்னு கேட்டாரு.”