கசந்தால் கொய்னா

என் நாத்தனார் புருஷனை எனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. என் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, "பொண்ணு கறுப்புதான், ஆனா கையில ஒரு வேலை வச்சிருக்கு" என்று என் காதுபடச் சொன்ன ஆள். செத்துப்போனவரை இன்னும் திட்டுகிறாயே என்று என் மகள் கேட்கிறாள். திட்டாமல்? உயிரோடு இருந்தபோது வாயை மூடிக்கொண்டிருந்தது போதாதா?

அவர் சொன்ன அந்த வேலை, மலாயாவில், குளுவாங் டவுனில் ஒரு வெள்ளைக்கார டாக்டரின் டிஸ்பென்சரியில் மருந்து கலப்பது. புதுச் சரக்கு வந்தால் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்துவிட மாட்டோம். வடிதாளை நீளமாகக் கிழித்து, அடியில் நல்ல மருந்தில் ஒரு பொட்டு, அதன் பக்கத்தில் புது மருந்தில் ஒரு பொட்டு வைப்போம். பொட்டுக்குக் கீழே உள்ள நுனி மட்டும் சாராயத்தில் நனையும்படி தாளைத் தொங்கவிடுவோம். சாராயம் தாளில் ஊறி மேலே ஏறும்போது, பொட்டில் இருப்பதையும் இழுத்துக்கொண்டு போகும். மருந்துக்குள் வேறு எதையாவது கலந்திருந்தால் அது தனியாகப் பிரிந்து, தனி உயரத்தில் கறையாக நிற்கும். இரண்டு பொட்டும் ஒரே மாதிரி ஏறினால்தான் புட்டியைத் திறப்போம்.

ஜப்பான்காரன் வந்தான், டாக்டர் சிங்கப்பூருக்கு ஓடினார், டிஸ்பென்சரி மூடிக்கிடந்தது. நான் ஒரு கட்டு வடிதாளையும் மலேரியாக் குளிர்காய்ச்சலுக்குத் தருகிற கொய்னா மாத்திரையில் ஒரு சின்னப் புட்டியையும் மடியில் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். திருட்டு என்றால் திருட்டுதான். லாயாங் லாயாங் பக்கத்தில் என் வீட்டுக்காரர் பால்மரம் வெட்டிய ரப்பர் தோட்டத்துக்கே குடிவந்தோம். அதே லயத்து வீட்டு வரிசையில், இரண்டு கதவு தள்ளி, நாத்தனார் குடும்பம்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்த டிரெஸ்ஸரைச் சயாமுக்கு ரயில்பாதை போடப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். கொய்னா கண்ணில் காணோம். கொசுவுக்கு மட்டும் பஞ்சமில்லை. அந்த நேரத்தில்தான் நாத்தனார் புருஷன் மருந்துக்காரர் ஆனார். மெர்சிங் கடற்கரைக்குப் போய் உப்பும் கருவாடும் கொண்டுவருகிறவர், ஒருநாள் ஒரு பிஸ்கட் தகரம் நிறைய மாத்திரை கொண்டுவந்தார். படகில் வந்த சரக்காம்.

எங்கள் மாதா கோயிலுக்குச் சாமியார் வருவது நின்றுபோய், ஞாயிற்றுக்கிழமை ஜெபமாலையை இவர்தான் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஜெபம் முடிந்ததும் கோயில் வாசலிலேயே தகரத்தைத் திறப்பார். "நாக்க நீட்டு" என்பார். நீட்டிய நாக்கில் மாத்திரைத் துணுக்கு ஒன்றை வைப்பார். "கசக்குதா? கசந்தா கொய்னாதான் லா!" சனங்களின் முகம் கோணும். கோணக் கோண அவர்களுக்குத் திருப்தி. கோழி கொடுத்தார்கள், சேலை கொடுத்தார்கள், ஒருத்தி தாலிக்குண்டையே கழற்றிக் கொடுத்தாள்.

என் வீட்டுக்காரருக்குக் குளிர்காய்ச்சல் வந்தபோது நான் என் புட்டியை எடுத்தேன். நாத்தனார் கையைப் பிடித்தாள். "டவுன் மருந்து கொஞ்சந்தானே இருக்கு, அவசரத்துக்கு வச்சிரு. எங்க வீட்டுக்காரர்கிட்டதான் தகரம் நிறைய இருக்கே. தம்பிக்குக் குடுக்க மாட்டாரா?" கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. புருஷன் சொன்னால் சூரியன் மேற்கே உதிக்கும் என்று நம்புகிறவள் அவள். என் வீட்டுக்காரரும் தலையாட்டினார்.

தின்றார். ஒருநாள் விட்டு ஒருநாள் வந்த காய்ச்சல் ஒவ்வொரு தடவையும் கூடத்தான் செய்தது. கண் மஞ்சளாகி, எலும்பெல்லாம் தெரிய, பாயோடு ஒட்டிக்கிடந்தார். சம்சுச் சாராயம் கொஞ்சம் வாங்கி வந்து, வடிதாளைக் கிழித்து, என் மாத்திரையைக் கரைத்து ஒரு பொட்டும் நாத்தனார் புருஷன் மாத்திரையைக் கரைத்து ஒரு பொட்டும் வைத்துத் தொங்கவிட்டேன்.

கொய்னாவுக்கு நிறம் கிடையாது; என் பொட்டு ஏறிய இடத்தில் கறையே இல்லை. அவர் பொட்டிலிருந்து பச்சையும் மஞ்சளுமாக ஒரு கோடு ஏறிப் பாதித் தாளில் நின்றது. இலைச்சாறு! மரவள்ளி மாவை நிலவேம்புக் கஷாயத்தில் பிசைந்து உருட்டியிருக்கிறான் பாவி. இன்னும் ஒரு சோதனை உண்டு. நல்ல கொய்னாவை எலுமிச்சைச் சாறு விட்ட தண்ணீரில் கரைத்து, கறுப்புத் துணிக்கு முன்னால் வெயிலில் பிடித்தால், மேல்விளிம்பில் நீலமாக மினுங்கும். என் கிளாஸ் மினுங்கியது. நாத்தனார் புருஷனுடையது வெறும் கழுநீர்.

தாளையும் கிளாசையும் நாத்தனாரிடம் காட்டினேன். "தாள்ல சாயம் ஏத்தி வித்தை காட்டுறியா? கசக்குதா இல்லையா, அதச் சொல்லு!" என்று கிளாசைப் பிடுங்கி முற்றத்தில் ஊற்றினாள். பாயில் கிடந்தவர் முனகினார்: "அக்கா குடும்பத்துல நெருப்பு வைக்காத."

நேராக அந்த ஆளிடமே போனேன். "அண்ணே, இதுல நிலவேம்புதான் இருக்கு."

சிரித்தார். "கசக்குதுல்ல? அப்புறம் என்ன, தங்கச்சி?" பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "டவுன்ல எடுத்த மருந்து உன்கிட்ட இருக்குன்னு ஜப்பான்காரன் காதுல விழுந்தா உன்னை விடுவான்னு நினைக்கிறியா?" என்றார்.

வீட்டுக்கு வந்தேன். அன்றிலிருந்து என் புட்டியில் இருந்ததைத்தான் என் வீட்டுக்காரருக்குக் கொடுத்தேன். "அத்தான் குடுத்ததா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறு எதைச் சொன்னாலும் துப்பியிருப்பார். காய்ச்சல் இறங்கியது. எழுந்து உட்கார்ந்தார், கஞ்சி கேட்டார், நடந்தார். புட்டியில் பாதிக்குமேல் காலி. மிச்சம் இருந்தது இன்னொரு காய்ச்சலுக்குத்தான் காணும். இந்தக் காய்ச்சல் ஒரு தடவையோடு விடாது என்று எனக்குத் தெரியும். மறுபடி அவர் பாயில் விழுந்தால் அந்த மாத்திரைகளை விட்டால் எனக்கு வேறு கதி கிடையாது.

நடந்த மனுஷன் நேராக எங்கே போனார்? கோயில் வாசலுக்கு. "அத்தான் மாத்திரைதான் என்னைப் பொழைக்க வச்சது" என்று ஊரறியச் சொன்னார். நாத்தனார் புருஷன் அவர் தோளில் கைபோட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். அன்றைக்குத் தகரம் காலியாகி, அடுத்த வாரமே மறுபடி நிரம்பியது. வாயைத் திறந்தால் புட்டி போய்விடும் என்று நான் வீட்டுக்குத் திரும்பினேன்.

எதிர் லயத்தில் ஒருத்தி இருந்தாள், பிள்ளைத்தாச்சி. நாத்தனாருக்கு உயிர்த் தோழி. அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது நாத்தனார்தான் மடியில் தலையை வைத்து, தன் கையாலேயே அந்த மாத்திரையை ஊட்டினாள். ஒரு தடவை தானாகவே காய்ச்சல் விட்டது. மாதாவே என்று எல்லோரும் கும்பிட்டார்கள். மறுபடி வந்தபோது வயிற்றுப் பிள்ளையோடு போய்விட்டாள்.

மழைக்காலத்தில் நாத்தனார் புருஷனே விழுந்தார். பாய் அதிரும்படி நடுக்கம். நாத்தனார் பதறிக்கொண்டு தகரத்தைத் திறந்தாள். அவர் வாயை இறுக்கிக்கொண்டார். என் வீட்டுக்காரர் தண்ணீரும் கையுமாக உட்கார்ந்து கெஞ்சினார். "முழுங்குங்க அத்தான். என்னையே எமன்கிட்டருந்து இழுத்துட்டு வந்த மாத்திரை."

"வேணாம்டா... அவகிட்ட இருக்கு, அதக் குடுக்கச் சொல்லு." கண்ணால் என்னைக் காட்டினார்.

"அவகிட்ட இருக்கிறது கொஞ்சம். உங்ககிட்டதான் தகரமே இருக்கே!" என் வீட்டுக்காரருக்கு நிஜமாகவே புரியவில்லை.

நான் கதவில் சாய்ந்து நின்றேன். புட்டி என் மடியில் இருந்தது. எத்தனை நாள் காத்திருந்தேன்! "நாக்க நீட்டுங்கண்ணே" என்றேன். "கசந்தா கொய்னாதானே?"

என்னைப் பார்த்தார், தகரத்தைப் பார்த்தார். பல் கிட்டிக்கொண்டு வந்தது. "அதுல ஒண்ணுமில்லடா. மாவு" என்றார்.

என் வீட்டுக்காரர் தண்ணீரைக் கீழே வைத்தார். "அப்ப நான் எதைத் தின்னு பொழச்சேன்?" என்று என் பக்கம் திரும்பினார். மடியை அவிழ்த்துப் புட்டியை அவர் கையில் வைத்தேன். "இது உங்க உசுரு. யாருக்குக் குடுக்கணும்னு நீங்களே பாத்துக்குங்க."

புட்டியை அவர் நாத்தனாரிடம் நீட்டினார். கொடுத்துவிட்டார், அவர் குணம் அப்படி.

நாத்தனார் புருஷன் நாக்கை நீட்டினார். நாத்தனார் ஒரு மாத்திரையை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "என் கையாலதானே அவளுக்கு ஊட்டுனேன்" என்றாள். பிறகு கையை மூடிக்கொண்டாள். "எந்திரிங்க. வீடு வீடாப் போய், குடுத்தது மாவுன்னு சொல்லுங்க. சொல்லிட்டு வந்து நாக்க நீட்டுங்க."

கித்தான் சாக்கைப் போர்த்திக்கொண்டு, நடுங்கிக்கொண்டே அவர் மழையில் இறங்கினார். பின்னாலேயே நாத்தனார், மாத்திரையை மூடிய கையோடு. ஒவ்வொரு கதவிலும் நின்று, "நான் குடுத்தது மாவு" என்றார். ஒருவன் காறித் துப்பினான். ஒருத்தி கும்பாவில் இருந்த கழுநீரை மேலே ஊற்றினாள்.

கடைசியாக எதிர் லயத்துக்குப் போனார்கள். செத்தவளுடைய புருஷன் உள்ளேதான் இருந்தான், அடுப்புப் புகை தெரிந்தது. இவர் தட்டினார். கதவு திறக்கவில்லை. "தம்பி... மாவுப்பா..." என்று மூடிய கதவிடம் சொன்னார்.

"அவன் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க" என்றாள் நாத்தனார்.

மறுபடி தட்டினார். கால் மடங்கி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார், உட்கார்ந்தபடியே தட்டினார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், நீயாவது போய் அவனைத் திறக்கச் சொல்லேன் என்பதுபோல. நான் போகவில்லை. நாத்தனார் மழையில் நின்றாள், கையைத் திறக்கவில்லை.